டார்ச் செயலிக்குப் பெரியம்மாவின் எண் எதற்கு?

புதிதாக ஒரு செயலியை நிறுவித் திறந்ததும் திரையில் ஒரு சிறு பெட்டி வந்து நிற்கும். உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா, இருப்பிடத்தை அறியலாமா, படங்களைத் திறக்கலாமா என்று கேட்கும். அதைப் படித்துப் பதில் சொல்கிறவர்கள் குறைவு. நமக்கு வேண்டியது அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருப்பதால் விரல் தானாகவே 'அனுமதி'யின் மேல் போய் விழுகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பேரப்பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கைபேசியோடு இருக்கும் தாத்தாக்களையும் ஆயாக்களையும் மட்டும் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்தப் பெட்டியை நம் முன் வைப்பது யார் என்பதிலிருந்து தொடங்கலாம். கேட்பது செயலிதான், ஆனால் கேள்வியைத் திரையில் காட்டி, நம் பதிலைக் காத்து நிற்பது கைபேசியின் இயங்குதளம். ஆண்ட்ராய்டாக இருந்தாலும் ஐபோனாக இருந்தாலும், நிறுவப்படும் ஒவ்வொரு செயலியையும் அது தனிமைப்படுத்தி வைக்கிறது. ஒரு செயலி தன் சொந்தக் கோப்புகளைத் தானாகப் பார்க்கலாம். உங்கள் வங்கிச் செயலிக்குள் இருப்பதை அதனால் பார்க்க முடியாது. கேமரா, ஒலிவாங்கி, இருப்பிடம், தொடர்புப் பட்டியல், குறுஞ்செய்தி, அழைப்புப் பதிவு, படங்கள், நாள்காட்டி போன்றவை அந்தத் தனிமைக்கு வெளியே இருப்பவை. அவற்றைத் தொட வேண்டுமானால் உங்களைக் கேட்க வேண்டும்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2015இல் ஆண்ட்ராய்ட் 6 வரும்வரை, செயலியை நிறுவும்போதே ஒரு நீண்ட பட்டியலைக் காட்டுவார்கள். முழுவதையும் ஒப்புக்கொள்ளலாம், அல்லது நிறுவாமல் போகலாம். 'கேமரா சரி, தொடர்புகள் வேண்டாம்' என்று பிரித்துச் சொல்லும் வசதி பெரும்பாலானோருக்கு அந்த ஆண்டுக்குப் பிறகே கிடைத்தது. அந்தப் பழைய காலத்துப் பழக்கம் நம் விரலில் இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன். மறுத்தால் செயலி ஓடாது என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் ஓடும். அந்த ஒரு வசதி மட்டும் இயங்காது.

கேட்கப்படாத ஒன்றும் உண்டு. ஆண்ட்ராய்டில் இணையத்தைப் பயன்படுத்தச் செயலி உங்களிடம் கேட்பதில்லை. நிறுவியவுடன் அது தானாகவே கிடைத்துவிடுகிறது. இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். தொடர்புகளைப் படிக்கலாமா என்று ஒரு முறை கேட்பார்கள். படித்ததை வெளிநாட்டில் உள்ள ஒரு சேவையகத்துக்கு, அதாவது அந்த நிறுவனத்தின் கணினிக்கு, அனுப்பலாமா என்று இயங்குதளம் கேட்கவே கேட்காது. முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான் இரண்டாவதற்கும் பதில்.

அனுப்புகிறவர் யார் என்பதும் நாம் நினைப்பதுபோல் அவ்வளவு எளிதல்ல. இன்றைய செயலி ஒரே கையால் எழுதப்பட்டதாக இருப்பது அரிது. விளம்பரம் காட்ட ஒரு நிறுவனத்தின் நிரல்தொகுப்பு, பயனர் எண்ணிக்கையைக் கணக்கிட இன்னொன்று, கட்டணம் வாங்க வேறொன்று என்று பலவற்றைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அனுமதி செயலிக்கு என்று கொடுக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் விளம்பர நிறுவனத்தின் நிரலுக்கும் அதே அனுமதி செல்லும். இன்னாருக்கு மட்டும் என்று பிரிக்க வழியில்லை.

2013இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் ஒரு டார்ச் செயலியின் மீது நடவடிக்கை எடுத்தது. கோடிக்கணக்கானோர் இறக்கிய இலவசச் செயலி அது. செய்த வேலை விளக்கெரிப்பது மட்டும். ஆனால் பயனரின் துல்லியமான இருப்பிடத்தையும் கைபேசியின் அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் லோட் ஷெட்டிங் மின்வெட்டு நினைவுக்கு வந்தது. இருட்டில் அவசரமாக எத்தனை டார்ச் செயலிகளை இறக்கியிருப்போம்! டார்ச் இன்று ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் திரையை மேலிருந்தோ கீழிருந்தோ இழுத்தால் வரும் பட்டையிலேயே இருக்கிறது. தனிச் செயலி தேவையே இல்லை. உங்கள் கைபேசியில் அப்படி ஒன்று இருந்தால், மேலே படிப்பதற்கு முன் நீக்கிவிட்டு வாருங்கள்.

சரி, எதை அனுமதிப்பது, எதை மறுப்பது? இந்த அனுமதி நல்லது, அந்த அனுமதி கெட்டது என்று பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டில் குழாய் பழுதுபார்க்க வந்தவரைக் குளியலறைக்குள் விடுகிறோம். அலமாரிச் சாவியைக் கேட்டால் எதற்கு என்று கேட்போம். அதே சாவியை நகை மதிப்பிட வந்தவர் கேட்டால் வியப்பில்லை. இந்த வேலைக்கு இந்தப் பொருள் வேண்டுமா என்பது ஒன்றே கேள்வி.

இருப்பிடத்தையே எடுத்துக்கொள்வோம். ஆயுதக் காவல் நிறுவனங்கள் தரும் அவசர உதவிச் செயலிகள் நம் ஊரில் பல வீடுகளில் உண்டு. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் வாகனம் எங்கே வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்குத் துல்லியமான இருப்பிடம் கொடுப்பதும், திரை அணைந்திருக்கும்போதும் கொடுப்பதும் நியாயம். வாடகைக் கார் அழைக்கும் செயலிக்குப் பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் கொடுத்தால் போதும். வானிலைச் செயலிக்குத் தோராய இருப்பிடம் போதும். உம்லங்காவில் மழை பெய்யுமா என்று சொல்ல உங்கள் வீட்டு வாசல் எண் தேவையில்லை. மின்வெட்டு அட்டவணை காட்டும் செயலியில் உங்கள் வட்டாரத்தின் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டாலே வேலை முடிந்தது.

இந்த வேறுபாடுகளைச் சொல்ல இப்போது பொத்தான்கள் இருக்கின்றன. 'பயன்படுத்தும்போது மட்டும்' என்ற தேர்வு ஆண்ட்ராய்டில் 2019இல் வந்தது. 'இந்த முறை மட்டும்' என்பது அடுத்த ஆண்டு. 2021இல் வந்த ஆண்ட்ராய்ட் 12 தோராய இருப்பிடத்தைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ இருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லும். ஐபோனில் அது ஓராண்டு முன்பே வந்துவிட்டது. எது என்று தெரியாமல் திகைத்தால் 'இந்த முறை மட்டும்' என்பதை அழுத்துங்கள். தேவையானால் நாளை மறுபடி கேட்கட்டும்.

தொடர்புப் பட்டியலுக்கு வருவோம். எல்லா அனுமதிகளிலும் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். மற்றவற்றில் நீங்கள் கொடுப்பது உங்களுடையதை. இதில் கொடுப்பது ஊராருடையதை.

ஒரு சாதாரண டர்பன் தமிழ்க் குடும்பத்துக் கைபேசியில் யார் யார் எண் இருக்கும்? பெரியம்மா, சித்தப்பா, ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அக்கா, கோயில் ஐயர், காவடிக்கு ஏற்பாடு செய்யும் அண்ணன், பிள்ளைகளின் ஆசிரியர், சர்க்கரை நோய்க்குப் பார்க்கும் மருத்துவர். சிலர் பெயருக்குப் பக்கத்தில் வீட்டு முகவரியும் பிறந்தநாளும் எழுதி வைத்திருப்பார்கள். வாயிற்கதவு எண்ணைக்கூட 'கேட் கோட்' என்ற பெயரில் தொடர்பாகச் சேமித்திருப்பவர்கள் உண்டு. ஒரு விளையாட்டுச் செயலிக்கு 'அனுமதி' என்று சொன்னால் இவை அத்தனையும் ஒரே நொடியில் படிக்கப்படலாம். பெரியம்மாவை யாரும் கேட்கவில்லை. அவரிடம் ஸ்மார்ட்போனே இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் அவர் பெயரும் எண்ணும் உறவுமுறையும் எங்கோ ஒரு பட்டியலில் ஏறிவிட்டன. பத்து உறவினர்களின் பட்டியலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறவனுக்கு முழுக் குடும்ப மரமும் தெரியும்.

உடனடிக் கடன் தரும் செயலிகள் இதை எப்படிப் பயன்படுத்தின என்பது கென்யாவிலும் இந்தியாவிலும் பல ஆண்டுகள் செய்தியானது. கடன் வாங்கும்போது தொடர்புகளை எடுத்துக்கொள்வார்கள். தவணை தவறினால் அந்தப் பட்டியலில் உள்ள உறவினர், மேலதிகாரி, அண்டைவீட்டார் எல்லாரையும் அழைத்து அவமானப்படுத்துவார்கள். புகார்கள் பெருகியபின், தனிநபர் கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் தொடக்கூடாது என்று 2023 மே 31 முதல் கூகுள் தன் பிளே ஸ்டோரில் விதி வைத்தது. பிளே ஸ்டோருக்கு வெளியே வாட்ஸ்அப்பில் கோப்பாக வரும் செயலிகளை அந்த விதி கட்டுப்படுத்தாது.

குறுஞ்செய்தி அனுமதியும் அப்படியே அபாயமானது. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுஎண் (ஓடிபி) குறுஞ்செய்தியில்தான் வருகிறது என்றால், அதைப் படிக்கக்கூடிய செயலி உங்கள் கணக்கின் இரண்டாவது பூட்டைத் திறக்கக்கூடிய செயலி. 2019 முதல் கூகுள், பிளே ஸ்டோரில் உள்ள செயலிகளுக்கு இந்த அனுமதியை மிகக் குறுக்கிவிட்டது. முதன்மைக் குறுஞ்செய்திச் செயலி போன்ற சிலவற்றுக்கு மட்டுமே தருகிறது. அதனால் ஓர் அஞ்சல் பொதி தேடும் செயலியோ பரிசுப் போட்டிச் செயலியோ இதைக் கேட்டால், அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

இதைவிட ஒரு படி மேலே இருப்பது 'அணுகல்தன்மை' வசதி. பார்வை குறைந்தவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டவும், கை நடுங்குகிறவர்களுக்காகப் பொத்தானை அழுத்தவும் உருவாக்கப்பட்ட நல்ல வசதி அது. ஆனால் திரையில் இருப்பதைப் படிக்கவும் உங்களுக்குப் பதில் அழுத்தவும் தெரிந்த ஒன்று, திருடன் கையில் போனால் என்னவாகும்? ஆண்ட்ராய்டில் வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் தீநிரல்கள் மிக விரும்பிக் கேட்பது இதைத்தான். ஆண்ட்ராய்ட் 13 முதல், வெளியிலிருந்து நிறுவிய செயலிக்கு இதைக் கொடுக்க முயன்றால் இயங்குதளம் தடுத்து எச்சரிக்கிறது. அந்தத் தடையைத் தாண்டும் வழியை 'வங்கியிலிருந்து பேசுகிறேன்' என்று சொல்லும் குரல் ஒன்று பொறுமையாகப் படிப்படியாகச் சொல்லித் தரும். அமைப்புகளுக்குள் போகச் சொல்லி யாராவது தொலைபேசியில் வழிகாட்டினால், பேச்சை முறித்து அழைப்பைத் துண்டிப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நம் பெரியவர்கள் மரியாதைக்காகவே பலமுறை ஏமாறுகிறார்கள்.

கேமராவையும் ஒலிவாங்கியையும் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பயன்பாட்டில் இருக்கும்போது திரையின் மூலையில் பச்சைப் புள்ளி வரும். ஐபோனில் ஒலிவாங்கி மட்டும் என்றால் ஆரஞ்சு. 'பிரியாணி என்று வாயால் சொன்னேன், உடனே பிரியாணி விளம்பரம் வந்தது' என்று எல்லாரும் சொல்கிறார்கள். 2018இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்ட் செயலிகளைச் சோதித்தபோது, ரகசியமாக ஒலியைப் பதிந்து அனுப்பியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் திரையைப் படம்பிடித்து வெளியே அனுப்பிய செயலி இருந்தது. நம் தேடல், இருப்பிடம், யாரோடு பழகுகிறோம் என்பதை வைத்தே பிரியாணி ஆசையைக் கணித்துவிட முடியும். காது வைத்துக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

அனுமதிப் பெட்டி காவல் காக்காத ஒரு வாசலும் இருக்கிறது. நீங்களே தட்டச்சு செய்வது. ஜாதகம் பார்க்கும் செயலியில் பிறந்த நாள், நேரம், ஊர் மூன்றையும் நாமே கொடுக்கிறோம். பரிசுக் குலுக்கலில் அரசு தந்த அடையாள எண்ணைக் கேட்டால் அதையும் கொடுக்கிறோம். நம் 13 இலக்க அடையாள எண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கு, 5000க்குக் கீழ் என்றால் பெண், மேல் என்றால் ஆண். பதினொன்றாவது இலக்கம் குடிமகனா நிரந்தரவாசியா என்பது. எண்ணை மட்டும் கொடுத்தேன் என்று நினைப்போம். பாதித் தன்விவரம் போய்விட்டிருக்கும்.

இனஒதுக்கல் ஆட்சியில் அந்த எண்ணுக்குள் இனத்தைக் குறிக்கும் இலக்கமும் இருந்தது. 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இன்ன இனம் என்று பதிந்தது. அதே ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் அந்தப் பதிவை வைத்து யார் எங்கே குடியிருக்கலாம் என்று தீர்மானித்தது. டர்பனின் கேட்டோ மேனரில் வீடும் தோட்டமும் கோயிலும் கட்டி வாழ்ந்த குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டது அப்படித்தான். 'என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை, யார் பார்த்தால் என்ன' என்று இந்த ஊரில் ஒரு தமிழர் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கிறது. நம் தாத்தாக்களும் எதையும் மறைக்கவில்லை.

கைபேசியை விட்டுத் தகவல் வெளியே போனபின் அனுமதிப் பொத்தானால் பயனில்லை; பின்னால் திரும்பப் பெற்றாலும், இனி எடுக்க முடியாது என்பதைத் தவிர, எடுத்தது எடுத்ததுதான். அங்கிருந்து சட்டத்தின் எல்லை. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு அந்தரங்க உரிமையைத் தருகிறது. அதை நடைமுறைப்படுத்தும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இல் இயற்றப்பட்டது. 'போப்பியா' என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அதன் முக்கியப் பிரிவுகள் 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன. நிறுவனங்கள் தயாராக ஓராண்டு அவகாசம் கொடுத்து, 2021 ஜூலை 1 முதல் கட்டாயமாயின.

சட்டத்தை முழுதும் படிக்க வேண்டாம். சில பிரிவுகள் போதும். எந்த நோக்கத்துக்குத் தகவல் திரட்டப்படுகிறதோ அதற்குத் தேவையான அளவுக்கு மேல் திரட்டக்கூடாது என்கிறது 10ஆம் பிரிவு. அனுமதிப் பெட்டியின் முன் நாம் கேட்க வேண்டிய அதே கேள்வி இங்கே சட்டமாக இருக்கிறது. தகவலை உரியவரிடமிருந்தே நேரடியாகப் பெற வேண்டும் என்பது 12ஆம் பிரிவு. விலக்குகள் உண்டு, ஆனாலும் பெரியம்மாவின் எண்ணை உங்கள் கைபேசியிலிருந்து எடுப்பது பொதுவிதிக்கு மாறானது. கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். உங்களைப் பற்றி ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டால் கட்டணமின்றிச் சொல்ல வேண்டும். தகவல் கசிந்தால் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். சமய நம்பிக்கை, உடல்நலம், இனம், கைரேகை போன்றவற்றுக்குத் தனிக் காவல் உண்டு. கோயில் செயலியோ பஞ்சாங்கச் செயலியோ உங்களைப் பற்றி வைத்திருப்பது அந்த வகையைச் சேர்ந்தது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தகவலுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் தேவை.

மீறினால் ஒரு கோடி ராண்ட் வரை அபராதம். சட்டம் ஏட்டில் மட்டும் இல்லை என்பதற்கு ஒரு சான்று, 2023 ஜூலையில், இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் தகவல் ஒழுங்குமுறை அமைப்பு நாட்டின் நீதித்துறை அமைச்சகத்துக்கே 50 லட்சம் ராண்ட் அபராதம் விதித்தது. 2021இல் அமைச்சகத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. வைரஸ் தடுப்பு உள்ளிட்ட பாதுகாப்பு மென்பொருள்களின் உரிமங்களைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். இருந்தாலும் மிகைப்படுத்த விரும்பவில்லை. டர்பனில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்தைக் கேள்வி கேட்பது எளிது. எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு விளையாட்டுச் செயலியின் உரிமையாளரைப் பிடிப்பது அப்படியல்ல. அங்கே உங்கள் விரல்தான் முதல் காவல்.

இப்போது கைபேசியை எடுங்கள். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் போய்த் தனியுரிமைப் பகுதியில் 'அனுமதி மேலாளர்' என்பதைத் திறந்தால், தொடர்புகள், இருப்பிடம் என்று ஒவ்வொன்றின் கீழும் எந்தெந்தச் செயலி அதை வைத்திருக்கிறது என்று தெரியும். ஐபோனில் 'தனியுரிமையும் பாதுகாப்பும்' என்ற பகுதி. தொடர்புகளிலிருந்து தொடங்குங்கள்; அங்கேதான் வியப்புகள் காத்திருக்கும். ஆண்ட்ராய்ட் 12 அல்லது அதற்குப் பிந்தையது என்றால், கடந்த 24 மணி நேரத்தில் யார் எதைத் தொட்டார்கள் என்று காட்டும் பலகையும் உண்டு. சில மாதங்கள் திறக்காத செயலியின் அனுமதிகளை ஆண்ட்ராய்ட் தானே பறித்துவிடும் என்றாலும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். விளம்பரத்துக்கான அடையாள எண்ணையும் அதே இடத்திலோ கூகுள் அமைப்புகளிலோ அழித்துவிடலாம்.

வேண்டாத செயலியை நீக்கும்போது வரிசை முக்கியம். திரையில் உள்ள செயலியின் சின்னத்தை அழுத்திப் பிடித்து நீக்கினால் போவது உங்கள் கைபேசியில் இருக்கும் பகுதி மட்டும். அவர்கள் சேவையகத்தில் உங்கள் கணக்கும் நீங்கள் கொடுத்தவையும் அப்படியே இருக்கும். முதலில் செயலிக்குள் போய்க் கணக்கை அழியுங்கள், பிறகு செயலியை நீக்குங்கள். கணக்குத் தொடங்க விடும் செயலி, அதை அழிக்கவும் உள்ளேயே வழி வைக்க வேண்டும் என்று 2022 ஜூன் 30 முதல் ஆப்பிள் கட்டாயமாக்கியது. கூகுளும் பின்னர் அப்படியே செய்து, செயலியை ஏற்கெனவே நீக்கிவிட்டவர்களுக்காக இணையம் வழியாகவும் ஒரு வழி இருக்க வேண்டும் என்றது. அந்த வழி கண்ணில் படாவிட்டால், போப்பியாவின் 24ஆம் பிரிவின்படி என் தகவலை அழியுங்கள் என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் ஒழுங்குமுறை அமைப்புக்குப் புகார் அனுப்பலாம். புகார் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத முடியாதவருக்கு அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது அந்த அமைப்பின் கடமை என்று சட்டமே சொல்கிறது.